கரும்பு தந்த ஊரில் ஒரு சர்க்கரைக் கணக்கு

தர்மபுரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒகேனக்கல். சரி, அடுத்தது? தொப்பூர் கணவாய். அதற்கு அடுத்தது? தலையைச் சொறிவீர்கள். பெங்களூரிலிருந்து திரும்பும் பஸ் தர்மபுரி ஸ்டாண்டில் நிற்கும்போது அரைக்கண்ணைத் திறந்து, "இன்னும் சேலம் வரலையா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போகிற ஜாதிதானே நாம்!

நான் இந்த மே மாதம் அங்கே தூங்காமல் இறங்கினேன். போனது சர்க்கரை விஷயமாக. வாங்க அல்ல, இறக்க. என்னுடையதை அல்ல, நண்பனுடையதை.

சர்க்கரைக்கும் இந்த மாவட்டத்துக்கும் பழைய பந்தம் ஒன்று உண்டு. தர்மபுரிக்கு அந்தக் காலத்துப் பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தாரே, அவரேதான். நெல்லிக்காய் கதை ஸ்கூல் பையனுக்குக்கூடத் தெரியும். தெரியாத கதை இன்னொன்று: புறநானூற்றின் 99-ஆம் பாட்டில், இந்த அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று அதே ஔவை பாடுகிறாள். ஆக, கரும்பும் நெல்லிக்காயும் ஒரே குடும்பத்து சப்ளை! அந்த ராசியோ என்னவோ, மாவட்டத்தில் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். ஒன்று பாலக்கோட்டில். இன்னொன்று கோபாலபுரத்தில், சுப்பிரமணிய சிவா பெயரில். சிவா தம் கடைசி நாட்களைக் கழித்து, 1925 ஜூலை 23-ல் கண்ணை மூடியது இதே மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில்.

நண்பன் விஷயத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், ஆபீஸில் படித்துவிடுவார்கள். பி.காம்.மில் என் பெஞ்ச்மேட். சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். வயது முப்பத்தாறு. முப்பத்துமூன்றிலேயே சுகர் வந்து, ஒரு மாத்திரையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் ஜனவரியில் ஊரிலிருந்து போன். அப்பாவுக்குக் காலில் புண், ஆறவில்லை.

அப்பாவுக்குப் பதினைந்து வருஷ சுகர். ராகிக் கொல்லையில் வெறுங்காலோடு நடந்தவர் பாதத்தில் முள் குத்தியிருக்கிறது. குத்தியதே தெரியவில்லை. சுகர் நாள்பட்டால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகும். வலி என்ற வாட்ச்மேன் லீவில் போய்விடுவான், திருடன் சாவகாசமாக உள்ளே வருவான். தெரிந்தபோது புண் எலும்பு வரை போயிருந்தது. இரண்டு ஆஸ்பத்திரி, மூன்று ஆபரேஷன். முதலில் விரல், அப்புறம் பாதம், கடைசியில் முழங்காலுக்குக் கீழே.

அந்த இரண்டு மாதமும் நண்பன் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சுத் தூக்கம். ஃபிளாஸ்க் டீ, பிஸ்கெட், பரோட்டா. பில் கட்டக் கடன். அது முடிவதற்குள் மார்ச் முடிவு. நம்ம ஜாதிக்கு மார்ச் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பகலில் ஆடிட்டர், இரவில் அப்பா. மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே மறந்துபோகிற நாட்கள். ஏப்ரலில் கண் மங்கலாகத் தெரிய, டெஸ்ட் எடுத்தான். வெறும் வயிற்றில் 238. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 340. ஹெச்.பி.ஏ.1.சி. 9.6.

கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வெறும் வயிற்று டெஸ்ட் என்பது காலையில் கல்லாப்பெட்டியைத் திறந்து எண்ணுகிற ரொக்கம், அந்த நிமிஷத்துக் கணக்கு. ஹெச்.பி.ஏ.1.சி. என்பது காலாண்டுக் கணக்கு. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதற்குள் எவ்வளவு சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டது என்று பார்த்து, இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லிவிடும். டெஸ்டுக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து டாக்டரை ஏமாற்றுகிற நம் சாமர்த்தியம் இதனிடம் செல்லாது. 6.5 தாண்டினால் சுகர் என்று அர்த்தம். சுகர்க்காரர்களில் பலருக்கு 7-க்குள் வைத்திரு என்பார்கள். இவனுடையது 9.6.

"இவ்வளவுக்கும் ஸ்வீட்டே தொடலைடா" என்று புலம்பினான். தொடத் தேவையில்லை. அதைப் புரிந்துகொள்ள தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற வழியே போதும்.

அந்தப் பக்கம் காட்டை ஒட்டிய ஊர்களில் யானை வரும். ராகிக் கதிர் முற்றினால் யானைக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும். (2022-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம் என்று அறிவித்தார்கள். யானைகளுக்கு அந்த அரசாணை நகல் கிடைத்ததா தெரியவில்லை.) ராத்திரி கொல்லையில் யானை எதிரே வந்து நின்றால் உடம்பு என்ன செய்யும்? அட்ரினலின், கார்ட்டிசால் என்று இரண்டு ஹார்மோன்களைக் கொட்டும். அவை நேரே கல்லீரலுக்குப் போய், "லாக்கரைத் திற!" என்று அதட்டும். கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும். இன்சுலின் அந்தச் சர்க்கரையைத் திரும்பச் சேமிப்பில் போட வந்தால், "நீ கொஞ்சம் ஓரமா நில்லு" என்று அதன் கையையும் கட்டிப்போடும். எல்லாம் எதற்கு? நீங்கள் ஓடித் தப்பிக்க. ஓடினால் சர்க்கரை எரிந்துவிடும். கணக்கு நேர்.

ஆனால் துரத்துவது மேனேஜராக இருந்தால்? கடன்காரராக, ஐ.சி.யூ. கதவாக இருந்தால்? லாக்கர் அதேபோலத் திறக்கும், சர்க்கரை அதேபோல இறங்கும். நாம் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டோம். அதுவும் பத்து நிமிஷம் அல்ல, தொடர்ந்து மூன்று மாதம்! கூடவே தூக்கம் கெட்டு, மாத்திரை விட்டுப்போய்...

1995 ஜனவரி 17-ல் ஜப்பானின் கோபே நகரத்தை பூகம்பம் புரட்டிப் போட்டது. அதற்குப் பிறகு அங்கிருந்த சர்க்கரை நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். சராசரிச் சர்க்கரை ஏறியிருந்தது. வீடு இடிந்தவர்களுக்கும் சொந்தபந்தத்தில் சேதம் பார்த்தவர்களுக்கும் அதிகமாகவே ஏறியிருந்தது. அங்கே யாரும் லட்டு விநியோகிக்கவில்லை.

ஏப்ரலில் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். ஏற்கெனவே போடும் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு என்று ஒன்று சேர்ந்தது. "மூணு மாசமா ஏத்தினதை மூணு நாள்ல இறக்கப் பார்க்காதீங்க. ஆகஸ்ட்ல வந்து காட்டுங்க" என்றாராம். அப்பாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று, இவன் மே மாதம் முழுக்க லீவு போட்டு ஊருக்கு வந்துவிட்டான். நான் நாலு நாள் துணைக்கு.

ஊர் பென்னாகரத்துக்கு முன்னால். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் காய்ந்த மானாவாரி நிலம், புளியமரம், தூரத்தில் நீலமாக மலை. அந்த வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்ததும், "வா கண்ணு" என்று அம்மா ஒரு சொம்பு மோர் கொடுத்தார்கள். திண்ணையில் அப்பா. இடது கால் வேட்டி மடிப்போடு முடிந்துவிட்டது. பார்க்காத மாதிரி பார்த்தேன். அவர் விடவில்லை. "பாரு கண்ணு, நல்லாப் பாரு. இவனுக்குத்தான் காட்டுறேன் தெனமும்" என்றார்.

இந்த இடத்தில் 'கிராமத்துக் காற்று, களி உருண்டை, கவலையில்லா வாழ்க்கை, சுகர் பறந்தது!' என்று நாலு பாரா எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கும் சுலபம். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதர்தான் இடிக்கிறார். பிறந்ததிலிருந்து இதே காற்று, இதே களி. அவருக்கும் வந்ததே? ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. நகரத்தில் நூற்றுக்கு 16.4 பேர், கிராமத்தில் 8.9 பேர். கிராமத்தில் குறைவுதான். ஆனால் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுக்கு 14.4.

நண்பன் கணக்குப்பிள்ளை அல்லவா, குளுக்கோமீட்டரும் ஒரு நோட்டும் வைத்துக்கொண்டு வீட்டுச் சாப்பாட்டையே ஆடிட் பண்ண ஆரம்பித்திருந்தான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் ஒரு குத்து, நோட்டில் ஒரு வரி. நான் நோட்டைப் புரட்டினேன். முதல் வாரமே ஒரு வெடிகுண்டு: 'ராகிக் கஞ்சி, இரண்டு டம்ளர்: 261.'

"ராகியாச்சேடா!" என்றேன்.

"ராகிதான். ஆனா மாவா அரைச்சு, சலிச்சு, கரைச்சு, காய்ச்சியாச்சு. பாதி ஜீரணத்தை மிஷினே பண்ணிடுச்சு. எனக்கு என்ன வேலை மிச்சம்?"

ராகியிலும் நூறு கிராமுக்கு எழுபது கிராம் போல மாவுச்சத்துதான். அரிசியை விட நார் அதிகம், சுண்ணாம்புச்சத்து ரொம்ப அதிகம். அந்த நாரைக் கெடுக்காமல், அளவோடு சாப்பிட்டால்தான் பலன். சுகருக்கு நல்லது என்று யாரோ சொன்னதற்காக டம்ளர் டம்ளராகக் கஞ்சி குடிக்கிற அன்பர்கள் கவனிக்க.

நோட்டில் அடுத்த பக்கங்கள் சுவாரஸ்யம். களி இரண்டு உருண்டை, குழம்பு: 218. களி ஒரு உருண்டை, கிண்ணம் நிறைய கீரைக் கடைசல், கொள்ளு: 176. அதே ஒரு உருண்டை, அதே கடைசல், சாப்பிட்டதும் ஏரிக்கரை வரை இருபது நிமிஷ நடை: 149. (இது ஒரு ஆசாமியின் உடம்பு, ஒரு ஆசாமியின் நோட்டு. உங்கள் நோட்டை நீங்கள்தான் போட வேண்டும்.) நடையில் மந்திரம் ஒன்றுமில்லை. கால் தசை வேலை செய்யும்போது இன்சுலினின் சிபாரிசுக் கடிதம் இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையில்தான் இருக்கின்றன. நாம் அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, மேஜைக்கு மேலே இருக்கிற பத்து விரலை மட்டும் வேலை வாங்குகிறோம்.

அம்மாவுக்கு ஒரு உருண்டைக் கணக்கு பிடிக்கவே இல்லை. "இவங்க தாத்தா மூணு உருண்டை தின்னுவாரு" என்று முணுமுணுத்தார்கள்.

"அவரு தின்னுட்டு ஏர் ஓட்டினாரு. இவன் தின்னுட்டு மவுசு ஓட்டுறான்" என்றார் திண்ணையிலிருந்து அப்பா.

அந்த ராகி ரேஷன் கடை ராகி. 2023-ல் தர்மபுரி, நீலகிரி இரண்டு மாவட்டத்திலும் கார்டுக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி கொடுக்கும் திட்டம் தொடங்கியது. ராகி விளைகிற ஊரிலேயே அரிசிச் சோறு வந்து ராகியை விரட்டி, கடைசியில் ராகியே ரேஷன் கார்டைக் காட்டி வீட்டுக்குள் வர வேண்டியிருக்கிறது! சித்தேரி மலைப்பக்கம் சாமை இன்னும் விளைகிறது. நம் ஊரில் அதையே அழகான பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். விலையைக் கேட்டாலே இருக்கிற சுகர் இறங்கிவிடும்.

மே மாதம் தர்மபுரியில் இன்னொரு சோதனை உண்டு. மாம்பழம். வீட்டுக்குப் பின்னாலேயே இரண்டு மரம். கூடத்தில் வைக்கோலுக்குள் பழுக்கிற வாசனையில் எனக்கே தலை சுற்றியது. நண்பன் டாக்டரிடம் முன்கூட்டியே பேரம் பேசியிருந்தான்: ஒரு கீற்று சாப்பிடலாம், அன்றைக்குக் களி உருண்டையில் கால் பங்கை வெட்டிவிட வேண்டும். வரவு வைத்தால் பற்றும் எழுத வேண்டும், அவ்வளவுதான். நான் அப்படி எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாததால் மூன்று பழம் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் ஒகேனக்கல். அப்பாதான் விரட்டினார்: "போய்ச் சுத்திட்டு வாங்கடா. எம் மூஞ்சியவே பார்த்துட்டு இருந்தா சுகர் எப்படி எறங்கும்?" பென்னாகரம் தாண்டி பஸ் காட்டு மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்குகிறது. குரங்குகள் டோல்கேட் ஊழியர்கள் மாதிரி ரோட்டோரம் உட்கார்ந்திருக்கின்றன. ஒகேனக்கல் என்பது கன்னடப் பெயர். 'ஹொகே' என்றால் புகை, 'கல்' நம்ம கல்தான். தண்ணீர் பாறையில் விழுந்து புகையாக எழும்புவதால் புகைக்கல். மே மாதமானதால் புகை கொஞ்சம் சிக்கனமாகத்தான் வந்தது. எண்ணெய் மசாஜ்காரர்கள் உடம்பைப் பரோட்டா மாவாக நினைத்துப் பிசைகிறார்கள். அருவியில் நின்றால் மார்ச் மாதம், ஆடிட்டர், டி.டி.எஸ். எல்லாம் முதுகு வழியே இறங்கிப்போகிறது. பரிசலில் ஏறினோம். இரண்டு பக்கமும் பாறைச்சுவர் உயர்ந்து நிற்க, நடுவே பச்சைத் தண்ணீரில் சுற்றிச் சுற்றிப் போகும்போது யாரும் பேசுவதில்லை.

கரைக்கு வந்தபோதுதான் அது நடந்தது. மீன் கடைகளைப் பார்த்து நடந்தோம். நண்பன் திடீரென்று நின்றான். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. குளித்த தண்ணீர் என்று நினைத்தேன். கை நடுங்கியது. "என்னடா?" என்றால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறான். பாறையில் உட்காரவைத்து, அவன் பையிலிருந்த மீட்டரை எடுத்து விரலில் குத்தினேன். 58.

முந்நூற்று நாற்பதைப் பார்த்துப் பயந்தவன் இப்போது ஐம்பத்தெட்டில்! விஷயம் இதுதான். மத்தியானம் மீன் வறுவலுக்கு இடம் வேண்டும் என்று காலை டிபனை மிச்சம் பிடித்திருக்கிறான். மாத்திரையை மட்டும் சமர்த்தாகப் போட்டுவிட்டான். கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. சாப்பாடு வந்ததா இல்லையா என்று அது பார்க்காது. அதன் மேல் நடை, குளியல், வெயில். உயர்ந்த சர்க்கரை மாதக்கணக்கில் மெதுவாகக் கெடுக்கும். தாழ்ந்த சர்க்கரைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, அரை மணியிலேயே ஆளை மயக்கிப் போட்டுவிடும்.

பத்தடியில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி. ஓடினேன். "ஐஸ் வேணாம்ணே, சீக்கிரம்!" ஒரு டம்ளரில் பாதிக்கு மேல் குடிக்கவைத்தேன். விதி என்னவென்றால் பதினைந்து கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி டெஸ்ட். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டியதுதான். நல்லவேளை, இவனுக்கு நினைவு இருந்தது. பதினைந்து நிமிஷத்தில் 96. முகத்தில் ரத்தம் திரும்பியது.

"என்னண்ணே, சுகரா? எங்க வூட்லயும் இருக்குது" என்றார் வண்டிக்காரர், காசு வாங்க மறுத்தபடி. அதியமான் வம்சம் கொண்டுவந்த கரும்பு அன்றைக்கு நண்பனுக்கு நெல்லிக்கனி வேலையைச் செய்தது. (நெல்லிக்காய்க்கு வைட்டமின் சி உண்டு, துவர்ப்பு உண்டு, பெருமை உண்டு. மாத்திரைக்குப் பதிலாக அதை மென்றுகொண்டிருக்கலாம் என்று யாராவது சொன்னால் ஔவையைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.) பிறகு கட்லா வறுவலோடு சோறு சாப்பிட்டோம். மறுநாளே டாக்டருக்குப் போன் போட்டு, கிளிமிபிரைடு பாதியாகக் குறைந்தது. சட்டைப் பையில் இப்போது எப்போதும் நாலு சாக்லேட்.

நான் கிளம்புகிற அன்று காலை ஒரு அம்மணி பையும் கையுமாக வந்தார். 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர். இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது பக்கத்தில்தான்: கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். 2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டம்தான். கொரோனாவில் ஆஸ்பத்திரிப் பக்கமே போக முடியாமல் பிரஷர், சுகர்காரர்கள் மாத்திரையில்லாமல் தவித்த காலத்தில் வந்த யோசனை, 2024-ல் ஐ.நா. விருதும் வாங்கியது. அப்பாவுக்கு மாத்திரையை எண்ணிக் கொடுத்து, பிரஷர் பார்த்து, மிச்சமிருந்த பாதத்தை உட்கார்ந்து விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். "செருப்பு போடறீங்களாப்பா?" "ஒத்தச் செருப்பு மிச்சம்தானம்மா" என்றார் அப்பா. அவர்தான் சிரித்தார். எங்களால் முடியவில்லை.

அப்புறம் அந்த அம்மணி என்னைப் பார்த்தார். "சாருக்கு எத்தனை வயசு?"

சொன்னேன். மீட்டரை நீட்டினார். மாம்பழத்தை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டே விரலைக் கொடுத்தேன். 158. "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது சார். ஊருக்குப் போய் வெறும் வயித்துல ஒருதடவை பார்த்துடுங்க."

ஆகஸ்டில் நண்பன் போன் பண்ணினான். ஜூனிலேயே ஆபீஸில் சேர்ந்துவிட்டான். ஏரிக்கரைக்குப் பதிலாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கிங்கைச் சுற்றி இருபது நிமிஷம். செக்யூரிட்டி முதலில் சந்தேகப்பட்டாராம், இப்போது அவரும் கூட நடக்கிறார். வெறும் வயிற்றில் 121, சாப்பிட்டபின் 168, ஹெச்.பி.ஏ.1.சி. 7.3. "இன்னும் ஏழுக்குள்ள வரலை" என்று அலுத்துக்கொண்டான். அடுத்த டெஸ்ட் நவம்பரில். தீபாவளி வேறு நடுவில் வருகிறது.

"அப்பா கேக்கச் சொன்னாரு, நீ டெஸ்ட் எடுத்துட்டியான்னு."

நாளைக் காலை ஏழு மணிக்கு லேபில் சொல்லி வைத்திருக்கிறேன். இன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் கூடாதாம். இப்போது மணி ஒன்பதே முக்கால். ஃபிரிட்ஜில் நேற்றைய பால்கோவா கொஞ்சம் இருக்கிறது.